சேகர் அண்ணன் சொன்ன வெட்டுப்பட்ட காட்சி

ரிஃப்கான் நானா, நீங்கள் இல்லாத வீட்டுக்கு உங்கள் கூட்டாளி சேகர் அண்ணன் வந்த கதையை இந்த வாரம் எழுதுகிறேன். இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. இது மட்டும் தெரியாதது.

வாசிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும். அதனால் இனி உங்களை 'நானா' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

ஒரு ஞாயிறு காலை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. கெலிஓயா பாதையிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறி வருகிற படிகள் மழைக்குப் பிறகு வழுக்கும். சேகர் அண்ணன் ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்து ஏறி வந்தார். கையில் பேக்கரிப் பை. உள்ளே மீன் பனிஸ்.

நானா இருக்கும்போதும் அதைத்தான் கொண்டுவருவார். பையைத் திறந்து பார்த்தேன். நானாவுக்கும் சேர்த்தே இருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"கடைக்காரன் பழக்கத்துல போட்டுட்டான்" என்றார்.

சேகர் அண்ணன் குண்டசாலையில் இருக்கிறார். டவுனில் ஒரு கந்தோரில் கிளார்க். இந்து. நானாவைவிட இரண்டொரு வயது கூட. கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். உம்மா குசினி வாசலில் பலகை போட்டு வெள்ளைப்பூடு உரித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் ஓர் அபாயா அங்கியின் கையில் மணி தைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில்.

பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு நான் கேட்டேன்.

"அண்ணே, அண்டைக்கு மையவாடியில என்ன நடந்தன்டு செல்லுங்க."

மையவாடி என்பது இறந்தவர்களை அடக்குகிற இடம். எங்கள் பக்கம் பெண்கள் ஜனாஸாவோடு அங்கே போவதில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அது எதுக்கு தங்கச்சி இப்ப. வாப்பா சொல்லியிருப்பாரே."

"வாப்பா செல்றது ஒரே ஒரு வசனம். எல்லாம் லேசா முடிஞ்சிச்சாம்."

"அதான். லேசாத்தான் முடிஞ்சுச்சு."

"அப்பிடி இல்ல அண்ணே. வெட்டுப்பட்ட எடத்த நீங்க நானாவுக்குச் செல்ற மாதிரி செல்லுங்க."

உம்மாவின் கை நின்றது. சேகர் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று அவருக்கு மட்டும்தான் விளங்கும். மற்றவர்களுக்கு விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

காலைக் காட்சி

நானாவுக்குப் பழைய பேய்ப் படம் என்றால் பைத்தியம். புதிய படங்கள் பிடிக்காது. "கம்ப்யூட்டர்ல செஞ்ச பேய்க்கி என்னத்துக்குப் பயப்புடணும்" என்பார். நமது தாய் தகப்பன் பிறப்பதற்கு முன்னால், காசில்லாத வெளிநாட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து அவசரமாக எடுத்த படங்கள்தான் வேண்டும். எவ்வளவு மட்டமாக இருக்கிறதோ அவ்வளவு விருப்பம்.

நானா ஸ்கூல் வேன் ஓட்டினார். விடியக் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க் கண்டியில் இறக்கிவிட்டு வந்தால், பள்ளிக்கூடம் விடும் வரை வேலை இல்லை. அந்த நேரம்தான் எங்கள் படம் பார்க்கும் நேரம். ஊரெல்லாம் பேய்ப் படத்தை ராவில் பார்க்கும். நாங்கள் பார்த்தது காலையில், உம்மா மீன் கழுவுகிற வாசத்தோடு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று முதலாவது வாரமே எழுதிவிட்டேன். இங்கிலீஷ் தெரியாது. நானாவுக்கும் பெரிதாகத் தெரியாது. அந்தப் படங்களுக்கு அது தேவையும் இல்லை. கதவைத் திறக்காதே என்று யாராவது சொல்வார்கள். அடுத்ததாக ஒருத்தி போய்த் திறப்பாள்.

ஜன்னலுக்குப் பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு உடுப்புக் கிளிப் போடுவோம். அந்த விரிப்பில் ஓர் ஓட்டை. ஒரு நாள் அந்த ஓட்டை வழியாக வந்த வெயில் சரியாக டிவியில் இருந்த ரத்தம் குடிக்கிறவனின் முகத்தில் விழுந்தது.

"பாரு, மூஞ்சியிலயே வெயில் பட்டும் சாவல்ல" என்றார் நானா. "இவன் டுப்ளிகேட்டு."

சர்பத் ரத்தம்

அந்தப் படங்களில் ரத்தம் நோன்பு திறக்கக் கரைக்கிற சர்பத் சிரப் நிறத்தில் இருக்கும். மிருக வேஷத்தின் முதுகில் ஜிப் தெரியும். ஒரே தாழ்வாரத்தில் மூன்று தடவை ஓடுவார்கள். வௌவால் வரும்போது அதைக் கட்டின நூலும் கூடவே வரும். நானா அதை நிறுத்தி எனக்குக் காட்டுவார். குறை சொல்வதற்கு இல்லை. ஒரு குழந்தை நடக்கப் பழகுவதைக் காட்டுகிறவர் மாதிரிக் காட்டுவார்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. யாராவது செத்து விழுந்தால் இருவரும் அந்த ஆளின் வயிற்றைப் பார்ப்போம். பிணமாக நடிக்கிறவர்களால் நெடுநேரம் மூச்சைப் பிடிக்க முடியாது. மெதுவாக ஏறி இறங்கும். யார் முதலில் காண்கிறாரோ அவர் "உசிரோட ஈக்கி" என்று சொல்ல வேண்டும். அநேகமாக நான்தான் முதலில் சொல்வேன். மணி தைக்கிற கண் எனக்கு.

ஒரு படம் எங்கள் நாட்டுக் காட்டில் நடப்பதாக எடுத்திருந்தார்கள். முதலில் ஒரு வரைபடம் காட்டி, அதில் கண்டி இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்கள். அடுத்த காட்சியில் புல்லுப் பாவாடை கட்டின ஆட்கள் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரியை மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பின்னால் பெரிய கள்ளிச் செடிகள்.

நானா படத்தை நிறுத்திவிட்டு உம்மாவைக் கூப்பிட்டார். "உம்மா, வாங்க வாங்க, எங்கட ஊர் டிவில போகுது."

உம்மா ஈரக் கையோடு வந்து பார்த்தார். "இது எவடம்?"

"நம்ம கெலிஓயாதான். அந்தா ஆடுறது யார்? ரெண்டாவது ஆள் நம்ம மாமா மாதிரி இல்ல?"

"சீ, ஹராங்குட்டி" என்று உம்மா ஈரக் கையாலேயே ஒன்று வைத்துவிட்டுப் போனார். போகும்போது திரும்பி ரெண்டாவது ஆளை இன்னொரு தடவை பார்த்தார். நான் கண்டேன்.

பேய்ப் படம் மட்டும் இல்லை. பெண்கள் ஜெயில் படம், மோட்டார் சைக்கிள் கூட்டப் படம் என்று போஸ்டரைப் பார்த்தாலே வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாத வகைப் படங்களும் நானாவிடம் இருந்தன. அவற்றில் ஆடை இல்லாத இடம் வந்தால் "கண்ண மூடு" என்று சொல்லிவிட்டு ரிமோட்டில் ஓடவிடுவார். அந்த இடங்களை எல்லாம் நான் வேகமாகத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடினேன் என்று எழுதினால் அது பொய்.

உம்மாவுக்கு இந்தப் படங்கள் ஒன்றும் பிடிக்காது. "இப்லீஸ ஊட்டுக்குள்ள உட்டுட்டு மலக்கு வரல்லன்டா எப்பிடி வரும்" என்பார். இப்லீஸ் என்றால் சைத்தான், மலக்கு என்றால் வானவர். தொழுகைக்குப் பாங்கு சொன்னால் நானா டிவியை நிறுத்திவிடுவார். அதில் மட்டும் பிழை விட்டதில்லை.

பாதிப் படங்கள்

சேகர் அண்ணனை நானா கண்டது டவுனில். ஒரு நடைபாதையில் சாக்கு விரித்துப் பழைய டிவிடியும் வீடியோ கெசட்டும் குவித்து விற்கிற ஓர் ஆள் இருந்தார். ஒரே கெசட்டை இரண்டு பேரும் ஒரே நேரம் பிடித்துவிட்டார்கள். இருவரும் விடவில்லை.

"உங்ககிட்ட டெக் இருக்கா?" என்று சேகர் அண்ணன் கேட்டாராம். டெக் என்றால் கெசட் போடுகிற பெட்டி.

நானாவிடம் இல்லை. "உங்கள்ட்ட ஈக்கா?"

"இருக்கு. ஆனா ரிப்பேர்."

"அப்ப ரெண்டு பேரும் என்னத்துக்குச் சண்ட புடிக்கிற."

அன்றிலிருந்து மச்சான், மச்சான் என்றுதான் பேச்சு. டெக்கை எடுத்துக்கொண்டுபோய்க் கலகெதரவில் ஒரு ரேடியோக் கடையில் திருத்தினார்கள். கடைக்காரர், இந்தக் காலத்தில் இதைத் திருத்தக் கொண்டுவருகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாராம்.

பழைய படங்களில் ஒரு கரைச்சல் இருக்கிறது. முழுப் படம் கிடைக்காது. அந்தந்த நாட்டில் சென்சார் வெட்டியிருப்பார்கள். தியேட்டர்காரன் வெட்டியிருப்பான். கெசட் பதிகிறவனும் தன் பங்குக்கு வெட்டியிருப்பான். ஒரு படத்தில் கல்யாண உடுப்போடு ஒருத்தி விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்குவாள். படம் ஒரு துள்ளுத் துள்ளும். அடுத்ததாக அவள் பட்டப்பகலில் பாதையில் நடந்து போவாள், தலைமுடி எல்லாம் வெள்ளை. கீழே என்னத்தைக் கண்டாள் என்பது எங்கள் கொப்பியில் இல்லை.

மற்றவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை. நானாவுக்குச் சோறு இறங்காது. "அதான் படமே. மத்ததெல்லாம் சும்மா நடக்கிறது" என்பார்.

அந்த இடத்தைச் சேகர் அண்ணன் வேறொரு கொப்பியில் பார்த்திருந்தார். ஒரு நாள் வந்து எங்கள் டிவிக்கு முன்னால், படம் துள்ளுகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்தக் காட்சியை வாயால் சொன்னார். வெளிச்சம் எந்தப் பக்கம், யார் எங்கே நிற்கிறார்கள், முதலில் எது தெரியும், பிறகு எது. சொல்லி முடித்ததும் "இப்ப போடு" என்றார். நானா மிச்சப் படத்தைப் போட்டார்.

அதற்குப் பிறகு அதுவே அவர்கள் வழக்கமாகிவிட்டது. வெட்டுப்பட்ட இடத்தை யார் பார்த்திருக்கிறாரோ அவர் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பயங்கரமாக இருந்தாலும் அப்படியே. தெரியாத இடத்தைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். சேகர் அண்ணன் ஒரு தடவை கொஞ்சம் மெருகு போட்டபோது நானா உடனே பிடித்துவிட்டார்.

"மச்சான், காசில்லாத படம் இது. அவ்வளவு பெரிய நெருப்புக்கு அவனுங்கள்ட்ட எங்க சல்லி?"

வாசல் வரைக்கும்

நானாவுக்கு வந்தது டெங்கு. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று வேனும் ஓட்டினார். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி ஹாலில் வைத்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்தார்கள். எனக்கு இடம் கிடைத்ததும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தேன். யாரோ என் தோளைத் தொட்டு எழும்பச் சொல்லும் வரைக்கும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு படி இறங்கினார்கள். நாங்கள் கேட்டுக்குள் நின்றோம். கடைசியாகத் தெரிந்தது சந்தூக்கின் மேலே போட்டிருந்த பச்சைத் துணி. வளைவில் திரும்பியது.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்ததாகப் பின்னேரம், வீட்டில் ஆட்கள், யாரோ என் கையில் தேத்தண்ணி தருகிறார்கள். நடுவில் துள்ளிவிட்டது.

அந்த இடம் காலியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. காலியாக இருக்கவில்லை. அத்தனை வருடம் பார்த்த படங்கள் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. ஊசிக்கு நூல் கோர்ப்பேன். புதுமண் ஒன்று அசைந்து, ஒரு கை மேலே வரும். சோறு பிசைவேன். அதே கை. நானாவுக்கு அந்தக் காட்சி வந்தாலே சிரிப்பு. எந்தப் படமாக இருந்தாலும் ரப்பர்க் கைதான். இப்போது அந்தக் கையில் நானாவின் மோதிரத் தழும்பு இருந்தது.

உண்மையில் நடந்ததை ஒரு தடவை சரியாகக் கேட்டால் அது போய்விடும் என்று நினைத்தேன். வாப்பாவிடம் கேட்டேன். லேசாக முடிந்தது என்றார். மாமாவிடம் கேட்டேன். பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு, ஓதிக்கொள் என்றார். ஓதினேன். ஓதும்போதும் வந்தது.

சேகர் அண்ணனும் மையவாடிக்குப் போயிருந்தார் என்று பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

கூட்டாமல், குறைக்காமல்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

"விடு மகள். மனுசன் தேத்தண்ணியக் குடிக்கட்டும்" என்றார் உம்மா. சொன்னாரே தவிர எழும்பி உள்ளே போகவில்லை.

சேகர் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார். "நல்ல காத்து வந்துச்சு. ஒரு மரத்துல இருந்து பூவா கொட்டுச்சு. ரிஃப்கான் முகத்துல ஒரு சிரிப்பு இருந்த மாதிரி..."

"அண்ணே, நீங்க எங்க நிண்ட?"

"சுவருக்குப் பக்கத்துல."

"அங்க ஈந்து மொகம் தெரியாது."

அவர் டிவிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு "சரி" என்றார். குரல் மாறியிருந்தது. எனக்குத் தெரிந்த குரல்தான், டிவிக்கு முன்னால் பேசுகிற குரல்.

"பகல் நேரம். லுஹர் தொழுகை முடிஞ்சு வந்தாங்க. மழை விட்டு நல்ல வெயில். இடது பக்கம் சுவர், வலது பக்கம் இறக்கம், அதுல குரோட்டன் செடி. பூ கொட்டின மரம் எதுவும் இல்ல. பிள்ளைங்கள ஏத்துற இன்னொரு வேன் டிரைவர் ஒருத்தர் சப்பாத்தக் கழட்டிக் கையில வெச்சிக்கிட்டு நின்னாரு. சந்தூக்க இறக்கி வெச்சாங்க. ஆனா உடனே எடுக்கல."

"ஏன்?"

"குழிக்குள்ள தண்ணி ஊறியிருந்துச்சு."

உம்மா பூண்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

"முந்தின நாள் பெய்ஞ்ச மழை. காலைல வெட்டும்போது இல்லையாம். அரை அடி இருக்கும். சேத்துத் தண்ணி. எல்லாரும் எட்டிப் பார்த்தாங்க. இன்னொரு இடத்துல வெட்டலாமான்னு பேசினாங்க. பக்கத்துலயும் அப்படித்தான் இருக்கும்னு வெட்டினவரு சொன்னாரு."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பனிஸ் பையின் விளிம்பை மடித்தார், விரித்தார்.

"தங்கச்சி, அடுத்த இடத்தச் சொல்லக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாளா நான் இந்தப் பக்கம் வரல. நம்ம பார்த்த படங்கள் அப்படி. உங்களுக்கு அது வேற மாதிரி விழும்."

"எனக்கு இப்பவும் வேற மாதிரித்தான் விழுகுது. செல்லுங்க."

"நான் சுவர்ப் பக்கம் நின்னேன். குழி தெரியாது, மண் மேடுதான் தெரியும். அதுக்கு அந்தப் பக்கத்துல, கீழ இருந்து, ஒரு கை மேல வந்துச்சு. முழங்கை வரைக்கும் சேறு."

கீழே பாதையில் ஒரு பஸ் போனது.

"பொய் சொல்லக் கூடாது, நான் ஒரு அடி பின்னால வெச்சேன். அந்தக் கையில ஒரு பெயின்ட் டின். டின் நிறையத் தண்ணி. மேல நின்னவரு வாங்கி ஊத்திட்டுக் குடுத்தாரு. கை உள்ள போச்சு. மறுபடி வந்துச்சு. கிட்டப் போய்ப் பார்த்தேன். உங்க வாப்பா."

உம்மா பலகையை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைச் சட்டைய கழட்டி மேட்டுல வெச்சிருந்தாரு. பெனியனோட இறங்கி அள்ளுறாரு. பெடியன்மார் எல்லாரும், ஹாஜியார் நீங்க ஏறுங்க, நாங்க பார்க்கிறோம்னு சொல்றாங்க. கேட்ட மாதிரியே இல்ல. ஒருத்தன் கையப் பிடிச்சு இழுத்தான். உங்க வாப்பா அவனப் பார்த்து ரொம்ப மெதுவா சொன்னாரு, 'தண்ணிக்குள்ள நான் என்ட புள்ளய வெக்கமாட்டேன்'னு. அதுக்குப் பிறகு யாரும் கூப்பிடல."

"அழுதாரா?" நான் கேட்டேன்.

"இல்ல. அழல. கணக்குப் பார்க்கிறவரு மாதிரி இருந்தாரு. அள்ளி முடிஞ்சதும் காஞ்ச மண் கேட்டாரு. சுவர் ஓரத்துல தகரத்துக்குக் கீழ இருந்த மண்ணச் சாக்குல கொண்டுவந்தாங்க. அதப் போட்டு மிதிச்சாரு. மூலை மூலையா மிதிச்சாரு. அப்புறம்தான் ரிஃப்கானக் குடுக்கச் சொன்னாரு. உங்க மாமாவும் இறங்கினாரு. ரெண்டு பேரும் வாங்கினாங்க. வலது பக்கம் சாய்ச்சுப் படுக்க வெச்சாங்க. கட்டுகள அவிழ்த்தாங்க. முகத்துத் துணிய விலக்கிக் கன்னத்த மண்ணுல படுற மாதிரி வெச்சதா பக்கத்துல நின்னவரு சொன்னாரு. அத நான் பார்க்கல. பலகைய சாய்வா அடுக்கினாங்க. அதுக்கு மேல பாய்."

"மண் போடக்குள்ள சத்தம் எப்பிடி?"

"முதல் பிடிக்கு இருந்துச்சு. பாயில மழை விழுற மாதிரி. பெட்டியில விழுற சத்தம் இல்ல, நம்ம படத்துல வர்ற மாதிரி இல்ல. பிறகு சத்தம் இல்ல. ஆளுக்கு மூணு பிடி போட்டாங்க. நான் போடலாமான்னு தெரியாம நின்னேன். அந்த வேன் டிரைவர், போடுங்க தம்பின்னாரு. போட்டேன். ஈர மண். கையில ஒட்டிக்கிச்சு."

நான் அதற்குப் பிறகு என்ன என்று கேட்டேன்.

"அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. ஓதத் தொடங்கினாங்க. நான் வெளிய வந்துட்டேன். எங்க வழக்கத்துல அடக்கம் முடிஞ்சா திரும்பிப் பார்க்காம வரணும். உங்களுக்கு அது இல்லன்னு அப்ப யோசிக்கல. கால் தானா வந்துருச்சு. அதனால கடைசி எப்படி முடிஞ்சதுன்னு நான் பார்க்கல. அந்த இடம் என்கிட்டயும் இல்ல."

எனக்கு அது போதும் என்று நினைத்தேன். அப்போதுதான் உம்மா பேசினார். சேகர் அண்ணனிடம் அவர் நேராகப் பேசுவது அபூர்வம்.

"மகன், தண்ணி முழுக்க எடுத்தாங்களா?"

சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். உம்மாவுக்கு எங்கள் வழக்கம் எதுவும் தெரியாது.

"அள்ள முடிஞ்சத அள்ளினாங்க உம்மா. அடியில ஈரம் இருந்துச்சு. அதுக்கு மேல காஞ்ச மண் ஒரு சாண் போட்டு மிதிச்சாங்க. அதுக்கு மேலதான் வெச்சாங்க."

உம்மா அதை யோசித்தார். "ஒரு சாண்?"

"ஒரு சாண் இருக்கும் உம்மா."

"அதான் அண்டைக்கு அவர்ட சாரன் அப்பிடிச் சேறா ஈந்த. நான் பாதையில மழச் சேறுன்டு நெனச்ச." பிறகு என் பக்கம் திரும்பினார். "மத்த ஆம்புளகள் எல்லாம் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டும் போயிட்டாங்க. பின்னேரம் அஸர் பாங்கும் சென்னாங்க. அதுக்கும் பொறகுதான் ஒன்ட வாப்பா வந்த. எங்க நிண்டீங்கன்டு நான் கேக்கல்ல."

சேகர் அண்ணனிடம் இல்லாத இடம் உம்மாவிடம் இருந்தது.

அவர் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். நானாவின் கெசட்டுகளைக் கொண்டுபோகச் சொன்னேன். "இங்கயே இருக்கட்டும், நான் வந்து பார்க்கிறேன்" என்றார்.

"வாங்க" என்றார் உம்மா. "ஆனா அந்தத் துணி இல்லாத படம் எல்லாம் கொண்டு வர வாணாம்."

சேகர் அண்ணனுக்குப் படியில் கால் கொஞ்சம் வழுக்கியது.

பகல் சோறு

பகல் வாப்பா கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்தார். எங்களுக்குக் கெலிஓயாவில் சின்ன சரக்குக் கடை ஒன்று இருக்கிறது. கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். மஞ்சள்தூள் மணக்கிற, நகம் வெடித்த கை. இடது பெருவிரலில் பிளாஸ்டர்.

உம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று வாப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவர் வாசிப்பதில்லை. சரக்குச் சுற்றும்போது கண்ணில் பட்டால் பட்டதுதான்.

உம்மா வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடச் சோறு போட்டார். வாப்பா போதும் என்று கை காட்டினார். உம்மா இன்னும் ஒன்று போட்டார். வாப்பா அதையும் சாப்பிட்டார்.

ஊசி கோர்க்கும்போது இப்போதும் எனக்கு ஒரு கை வருகிறது. வரவில்லை என்று எழுதமாட்டேன். ஆனால் அதில் ஒரு டின் இருக்கிறது. டின்னில் தண்ணீர் இருக்கிறது. நான் நூலைக் கோர்த்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

வாசிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். என் நானா தொழுகை விடாதவர், பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கினவர், மட்டமான படங்கள் பார்த்தவர். எங்கள் பக்கத்து மண் ஈர மண். இப்போது மறுபடியும் மழைக்காலம். துஆ கேட்கிறவர்கள் துஆ கேளுங்கள், கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள், பௌத்தப் பன்சலைக்கும் சேர்ச்சுக்கும் போகிறவர்கள் அங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரிஃப்கான் படுத்திருக்கிற இடம் விசாலமாக இருக்க வேண்டும், காய்ந்து இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.